உங்களில் ஒருத்தர்

என் மேஜையில் இருக்கும் ரப்பர் முத்திரையின் கைப்பிடி உடைந்து பல வருடங்கள் ஆகின்றன, ஐயா. புதிது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி என் பிரிவுக்கே வந்து, பரிசீலனையில் உள்ளது என்று எனக்கு நானே பதில் எழுதிக்கொள்ளும்படி ஆயிற்று. கைப்பிடி இல்லாததால் கட்டைவிரலால் அழுத்திக் குத்த வேண்டும். அப்படிக் குத்தினால் இடது பக்கம் மை கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். நீங்கள் என்னைக் கூப்பிட்டு விரித்துக் காட்டிய பதில் கடிதத்திலும் இடது பக்கம் மை கூடுதலாகத்தான் இருந்தது. ஆகவே அதைக் குத்தியது நான் இல்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் முத்திரையைச் சொந்தக் குடும்ப விஷயத்துக்குப் பயன்படுத்தியது ஒரு குற்றச்சாட்டு. அலுவலக மேஜை இழுப்பறையில் இரண்டு பல் பிரஷ்களும் இரண்டு சீப்புகளும் வைத்துப் பூட்டியிருந்தது இன்னொன்று. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். எதற்காகச் செய்தேன் என்று தெரிந்தால் நீங்களே சமாதானம் ஆகிவிடுவீர்கள். நீங்களும் பிள்ளைகளைப் பெற்றவர்தான். உங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர்கள் படத்தைப் பார்த்தேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் பதில் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு வரும். ஏன் வரவில்லை என்று எங்களுக்குத் தெரியும். குழாய் அந்தத் தெரு வரைக்கும் போகவே இல்லை. அதை எழுதினால் ஊர் கொதிக்கும். சீக்கிரம் வரும் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆகவே, ‘தங்கள் பகுதிக்குக் குடிநீர் வழங்குவது குறித்து உரிய கவனம் செலுத்தப்பட்டு வருகிறது’ என்று எழுதுவேன். இந்த வரியில் ஒரு பொய்யைக் காட்டச் சொல்லுங்கள், யாராலும் முடியாது. ஒரு தகவலைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை நான் ஒரு பொய் எழுதியதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. இதைப் படித்து முடிக்கும்போது அதை மட்டுமாவது நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பெயரைப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். காத்திருந்த காலத்திலேயே என் மனைவி கர்ப்பமானாள். அதற்காகப் பதிந்ததை ரத்து செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஒரே வருடத்துக்குள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து, ஒருத்தர் இல்லத்திலிருந்து. முதலில் வந்தவர் எவர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இல்லத்திலிருந்து வந்தவர் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு நல்ல தூக்கத்தில் இருந்தார். காரில் என் மடியில்தான் படுத்திருந்தார். பாதி வழியில் என் சட்டையை நனைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரும் அதையேதான் செய்தார். இருவரிடமும் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

கைக்குழந்தையைப் போய் ‘அவர்’, ‘இருந்தார்’ என்று எழுதுகிறானே என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவீர்கள். விஷயமே அதுதான். ஒருத்தர் பையன், ஒருத்தர் பெண். ‘வந்தான்’ என்றால் காரியம் கெட்டது, ‘வந்தாள்’ என்றாலும் கெட்டது. நம் பேச்சில் வினைச்சொல்லின் வால் ஒன்று போதும், ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘குழந்தை வந்தது’ என்று சொல்லலாமே என்பீர்கள். தொட்டிலில் கிடக்கும்வரை சொல்லலாம். எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஆறு வயதுப் பிள்ளையை ‘அது’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மரியாதை கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஒரு ‘ர்’ எங்கள் வீட்டைப் பல வருடம் தாங்கி நிறுத்தியது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். தூக்கத்தில்கூடப் பேசுவாள். பையனுக்குத் தீனி என்று பெயர். சாப்பிட்டுக் கை காயும் முன்னால் அடுத்து என்ன என்று கேட்பான். இரண்டும் சேர்ந்தால் வீடு இரண்டுபடும். ஒரே வகுப்பு, ஒரே உயரம். புது வீட்டுக்கு மாறிய பிறகு பார்த்தவர்கள் எல்லாரும் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டார்கள். நாங்கள் சிரித்து வைத்தோம்.

குழந்தையைக் கொடுக்கும்போதே இல்லத்து அம்மா என் மனைவியிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பேச்சு புரிகிற வயதிலேயே சொல்லிவிட வேண்டும், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் பெற்றோரே சொல்ல வேண்டும், கதை மாதிரி அடிக்கடி சொல்லிப் பழக்க வேண்டும் என்று. என் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அதற்கு நேர் எதிர். சொன்னால் பிள்ளை மனசு உடைந்துவிடும், செத்தாலும் மூச்சு விடக் கூடாது என்பார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணனும் தங்கையும் அடுப்படியில் நின்று கிசுகிசுவென்று சண்டை போடுவார்கள். நான் இரண்டு பக்கமும் கேட்டேன். இரண்டிலும் நியாயம் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பதில் பிரிவில் என்ன செய்வோமோ அதை வீட்டிலும் செய்தேன். வாசகம் தயார் செய்தேன்.

பல தடவை எழுதி அடித்துத் திருத்திய வாசகம் அது. பிள்ளைகளுக்கு ஆறு வயது. சாப்பாட்டு மேஜையில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். தீனி இரண்டாவது தடவை தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அம்மா வயித்துல இருந்து வந்தவர். ஒருத்தர் நாங்க ஆசைப்பட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தவர். ரெண்டு பேருமே எங்க பிள்ளைங்கதான்.”

என் மனைவி சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, மீதியை நான் சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

முதலில் வாயாடிதான் கேட்டாள். “யாருப்பா அந்த ஒருத்தர்?”

அது முக்கியமில்லை என்றேன். முக்கியமில்லை என்பது உண்மை. எனக்கு முக்கியமில்லைதான்.

அறைக்குள் போனதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். இது என்ன பாதிப் பேச்சு என்றாள். இது முதற்கட்டம் என்று விளக்கினேன். பிள்ளைகள் இதை ஜீரணிக்கட்டும், பக்குவம் வந்ததும் அடுத்த கட்டம் என்றேன். அதுவரை அவள் வாய் திறக்கக் கூடாது என்று தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் தலையிலும் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒரு தலையில் மட்டும் வைத்திருந்தால் மறுநாளே மீறியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

இனிமேல் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வீடு திருந்திவிட்டது, ஐயா. ஒரு வாரத்தில் தீனி இரண்டாவது தடவை கேட்பதை நிறுத்திவிட்டான். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ரொம்ப நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்வான். வாயாடி பெட்டிப்பாம்பாக அடங்கினாள். பேசினால் தேவைக்குப் பேசுவாள். ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் இருவருமே கேட்டுக்கொண்டார்கள். செருப்பைச் சுவரோரமாக, இடத்தை அடைக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றி வைத்தார்கள். கட்டிலில் இரண்டு ஓரத்தில் ஒடுங்கிப் படுத்து நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடத்தை விட்டு வைத்தார்கள். பொம்மை கேட்டு அழுகை இல்லை, படி படி என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பெற்றோர் வந்து, எப்படி வளர்க்கிறீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உரிய கவனம் செலுத்தி வருகிறோம் என்றேன்.

பள்ளியில் எடை பார்த்த டாக்டர் ஒரு தடவை கூப்பிட்டு அனுப்பினார். பையன் வயதுக்கு ஏற்ற எடை இல்லை, வீட்டில் சாப்பிடுகிறானா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தீனியே பதில் சொன்னான். “வேணுங்கற அளவுக்கு எடுத்துக்கறேன் டாக்டர். அதுக்கு மேல எடுத்துக்கறது நல்லா இருக்காது.” ஏழு வயதில் அந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்? டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சமநிலை குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமமான வேலை. ஒரு நாள் முடி வெட்டுகிறவர் தீனியின் காதை இழுத்துப் பார்த்து, அப்படியே அப்பா காது என்று சொல்லிவிட்டார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினான், பந்தடித்து ஜன்னலை உடைத்தான், சாப்பாட்டில் இரண்டாவது தடவை கேட்டான். அன்றைக்கு வாயாடி மட்டும் சாப்பிடாமல் எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் தள்ளி வைத்தாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மறுநாள் இருவரும் இருக்கும்போது, முடி வெட்டுகிறவர் எல்லாப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்வார், அவர் தொழில் அப்படி என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். இருமும்போது நீ அம்மா மாதிரியே இருக்கிறாய் என்று வாயாடியிடம் ஒரு வார்த்தை போட்டேன். அவள் ஒரு மாதம் இருமிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் பாடத்தில் அசட்டையாக இருப்பது தெரிந்ததும், இருமல் யாருக்கும் வரலாம் என்று அதையும் சரிசெய்தேன். ஒரு பக்கம் இறங்கினால் மறு பக்கம் கொஞ்சம் வைப்பேன், அவ்வளவுதான். எந்தப் பிள்ளைக்கும் எள்ளளவும் ஓரவஞ்சனை செய்ததில்லை.

மனைவிதான் ஒத்துழைக்கவில்லை. ஒரு தலையைத் தடவினால் உடனே ஓடிப்போய் இன்னொரு தலையையும் தடவ வேண்டியிருந்தது அவளுக்கு. கையில் கரண்டி இருக்கும், அடுப்பில் பால் பொங்கும், ஒரு பிள்ளை வாசலில் இருக்கும், ஒரு பிள்ளை மொட்டைமாடியில் இருக்கும். போகப் போகத் தொடுவதையே விட்டுவிட்டாள். துவைத்து உலர்ந்த துணிகளை மடிக்கும்போது மட்டும், பிள்ளைகளின் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் பார்த்தால் வாசனை பார்த்தேன் என்பாள்.

பத்து வயதில் வாயாடி என்னோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று என் சட்டை நுனியைப் பிடித்தாள். “அப்பா, அந்த ஒருத்தர் நானா இருந்தா சொல்லிடுங்க. அவனா இருந்தா மட்டும் சொல்லாதீங்க. அவன் தாங்க மாட்டான்.”

பார்க்கலாம் என்றேன்.

அதே வாரத்தில் தீனி என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் அதையே கேட்டான். தானாக இருந்தால் சொல்லிவிட வேண்டுமாம், அவளாக இருந்தால் சொல்லக் கூடாதாம். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல் இரண்டு பேரும் ஒரே கோரிக்கையை வைக்கிறார்கள் என்றால் வளர்ப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்? எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவனிடமும் பார்க்கலாம் என்றேன். இருவரில் ஒருத்தரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவர் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் இன்னொருத்தர் பதில் வராததை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். பிறகு அந்த ஒழுக்கம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

இப்போது முத்திரைக்கு வருகிறேன்.

வாயாடிக்குப் பதினாலு வயது. பள்ளியில் மனு எழுதக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. வீட்டில் வாயால் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன், மனு என்று வந்தால் பதில் போடாமல் இருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அலுவலக முகவரிக்கு முறைப்படி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டாள். அனுப்புநர், பெறுநர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பொருள் என்ற இடத்தில், ‘எங்களில் ஒருத்தர் யார் என்று தெரிவிக்கக் கோருதல்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். ‘ஐயா, எங்கள் வீட்டுக்கு நெடுநாளாக வரவில்லை’ என்று முதல் வரி தொடங்கி, ‘ஒரு பதில்’ என்று அடுத்த வரியில் முடிந்தது. தபால் பிரிவில் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, குழாய் இணைப்பு என்று பிரித்து என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அதை மற்ற மனுக்களோடு அடுக்கில் வைத்தேன். சொந்த மகள் என்பதற்காக முன்னால் எடுக்கவில்லை. மகள் என்று இங்கே எழுதுவதை வைத்து எதையும் முடிவு செய்துகொள்ள வேண்டாம், இருவரையுமே மகன், மகள் என்றுதான் சொல்வேன். முறை வந்ததும் பதில் எழுதினேன். ‘தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிட்டுள்ள பொருள் பரிசீலனையில் உள்ளது. உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்.’ கட்டைவிரலால் முத்திரையை அழுத்திக் குத்தி, என் வீட்டு முகவரியை எழுதித் தபாலில் சேர்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அலுவலக விஷயத்தை நான் வீட்டில் பேசுவதில்லை.

கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு விடுமுறை. தபால்காரரிடமிருந்து வாங்கி, வாசல் கேட்டில் நின்றபடியே படித்தாள். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். மடித்துப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், என்னைப் பார்த்து, “தண்ணி வேணுமாப்பா?” என்று கேட்டாள். கொண்டு வந்தும் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அந்த வீட்டில் தண்ணீருக்குக் குறையே இல்லை, ஐயா.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் நினைவூட்டல் அனுப்பினாள். வருடம் தவறாமல் பதில் போட்டேன். அவ்வளவு முத்திரைகளையும் குத்தியது நான்தான்.

இழுப்பறை விஷயம் அவர்கள் பதினெட்டைத் தாண்டிய பிறகு வந்தது. இப்போதெல்லாம் ஆய்வகத்தில் ஒரு முடியைக் கொடுத்தால் யார் பிள்ளை என்று சொல்லிவிடுகிறார்களாம். இருவரும் சேர்ந்து ஒரு ஆய்வகத்துக்குப் போய் விசாரித்திருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரை மட்டும் சோதித்தால் உடன்பிறந்தவர்கள் இல்லை என்று தெரியும். அது இவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அப்பாவுடையதோ அம்மாவுடையதோ வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் வந்து வெகு பணிவாகக் கேட்டார்கள். பரிசீலிக்கிறேன் என்றேன். அம்மாவிடம் கேட்டார்கள். அவள் இரண்டு தலைகளையும் பார்த்துவிட்டு அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் இருவருடைய பிரஷையும் சீப்பையும் காலையில் உறையில் போட்டு என்னோடு அலுவலகத்துக்கு எடுத்துவந்துவிடுவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோவேன். தலையணை உறையை நானே உதறுவேன். முடி வெட்டிக்கொண்டால் கீழே விழுந்ததைக் கூட்டி வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில் எரித்துவிடுவேன். காபி குடித்த டம்ளரை நானே கழுவுவேன். வீட்டு வேலையில் இவ்வளவு கூடமாட இருக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று கீழ்வீட்டுத் தையல்கார அம்மா என் மனைவியிடம் சொன்னாராம். இல்லத்தில் கொடுத்த காகிதங்களை நான் வெகு காலத்துக்கு முன்பே கிழித்துப் போட்டுவிட்டேன், ஆகவே என் மேஜையில் அதைத் தேட வேண்டாம். பிரஷும் சீப்பும் இழுப்பறைக்கு வந்த கதை இவ்வளவுதான். அதனால் அலுவலக வேலைக்கு ஒரு குந்தகமும் வரவில்லை.

இந்த வருடம் வாயாடி உங்களுக்கு மேல்முறையீடு செய்தாள். கீழே கொடுத்த மனு வருடக்கணக்காகப் பரிசீலனையிலேயே இருக்கிறது, முடிவான பதில் வேண்டும் என்று. நீங்கள் என்னைக் கூப்பிட்டு எந்தத் தெரு இணைப்பு என்று கேட்டீர்கள். பிறகு மனுவைப் படித்தீர்கள். இரண்டு தடவை படித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “யாருய்யா அது? சொல்லித் தொலைய வேண்டியதுதானே? ஒரு வரி பதில் போட்டு ஃபைலை மூடிடலாம்” என்றீர்கள். உங்கள் குரலில் இருந்த எரிச்சலை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தீர்கள்.

மேலிடத்து உத்தரவு வந்த பிறகு தாமதிப்பது முறையல்ல. அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு என் மேஜையிலேயே உட்கார்ந்து முடிவான பதிலை எழுதினேன். ஒரே வரி. அந்த ஒருத்தரைக் குறித்த வினைச்சொல்லின் கடைசியில், வாழ்நாளில் முதல் தடவையாக, ‘ர்’ போடாமல் எழுதினேன். முத்திரை குத்தாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாடிப்படியில் ஏறும்போதே மனைவியின் குரல் கேட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் என்னால் முடியாது, சத்தியத்தை மீறினால் என்ன ஆகுமோ ஆகட்டும் என்று அழுதுகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றுவிட்டேன். கூடத்தில் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவள் வாயைத் திறந்ததும் வாயாடி எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

“வேண்டாம்மா, சொல்லாதீங்க. சொல்லிட்டா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் தனியாப் போயிடுவோம்.”

தீனி என்னைப் பார்த்துவிட்டான். எழுந்து நின்றான். நான் வந்தால் எழுந்து நிற்பது அவன் வழக்கம். “நாங்க பேசி முடிவு பண்ணிட்டோங்கப்பா. ரெண்டு பேருமே கூட்டிட்டு வந்தவங்கதான். இனிமே யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.” பெட்டியைத் தூக்கிக்கொண்டான். “அம்மாவ நாங்க கூட்டிட்டுப் போறோம். இவ்வளவு நாள் எங்களை வெச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க.”

என் மனைவி நடுவில் நடந்தாள். அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. பல வருடங்களுக்குப் பிறகு அவள் இருவரையும் ஒரே நேரத்தில் பிடித்திருந்தாள். நான் வழிவிட்டு நின்றேன். சட்டைப் பையில் பதில் இருந்தது. கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் உங்கள் மேஜைக்கு அவர்களுடைய கடிதம் வந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். நான் என் பதிலை நீட்டினேன். நீங்கள் அதைப் பிரிக்காமல் தள்ளிவிட்டீர்கள். வாபஸ் வாங்கிய மனுவுக்குப் பதில் போடும் வழக்கமில்லை என்றீர்கள். விதி அதுதான், எனக்கும் தெரியும். எத்தனையோ பேருக்கு அதே விதியை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு உங்கள் மேஜை முன்னால், ஒரு தடவை படித்துவிடுங்கள் ஐயா என்று வாய்விட்டுக் கேட்டேன். அதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த ஆறு வயதிலேயே முழுசாகச் சொல்லியிருந்தால் உனக்கு என்னய்யா நஷ்டம் என்று கேட்டீர்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். விளக்கம் என்று எழுத உட்கார்ந்த பிறகு மறைப்பது நியாயமல்ல. பெற்ற பிள்ளை பெற்றவர்களுக்கு நன்றி சொல்லாது, ஐயா. தட்டை நீட்டும், கதவை அறையும், ஜன்னலை உடைக்கும். எல்லாம் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். நான் என் அப்பாவுக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. முழுசாகச் சொல்லியிருந்தால் இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளைதான் நன்றியோடு வளர்ந்திருக்கும். பாதி சொன்னதில் இரண்டும் வளர்ந்தது. அந்த முதல் வாரத்தில், தீனி தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தானே, அப்போதே எனக்கு இது புரிந்துவிட்டது. அடுத்த கட்டம் என்று ஒன்று இல்லை என்பதும் அப்போதே எனக்குத் தெரியும். மனைவியிடம் இருக்கிறது என்று சொன்னேன். மேலே, வீட்டிலும் பொய் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் அடித்துவிடவும்.

முத்திரையை இத்துடன் ஒப்படைக்கிறேன். பிரஷையும் சீப்பையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். இனிமேல் அவற்றைப் பூட்டி வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

நேற்று பிள்ளைகள் மிச்சம் இருந்த துணிமணிகளை எடுத்துப் போக வந்திருக்கிறார்கள். நான் உள்ளே படுத்திருந்தேன். கீழே ஏதோ பார்சல் கொண்டுவந்த ஆள், மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறான். தையல்கார அம்மா பிறகு என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். வாயாடி படியில் நின்று, “மேல ஒருத்தர் இருக்கார்” என்றாளாம். அப்பா என்று சொல்லவில்லையே என்று அந்த அம்மாவுக்கு ஒரே வருத்தம். எனக்கு வருத்தமில்லை. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறாள். வளர்ப்பு அப்படி.